கம்பியில்லா வலையமைப்பு அட்டைக் கோளாறுகள்

கம்பியில்லா வலையமைப்பு அட்டை என்பது கணினியை வானொலி அலைகளின் வழியாக வலையமைப்புடன் இணைக்கும் வன்பொருளாகும். மேசைக்கணினியில் பிசிஐ பொருத்துவாயில் செருகும் அட்டையாகவும், மடிக்கணினியின் உள்ளே மினி பிசிஐ அல்லது எம்.2 வடிவிலும், வெளியே செருகும் யூ.எஸ்.பி. குச்சியாகவும் இது அமையும். ஐ.இ.இ.இ. அமைப்பு 1997இல் வெளியிட்ட 802.11 சீர்தரத்தையும் அதன் பிற்காலப் பதிப்புகளையும் இவ்வட்டைகள் பின்பற்றுகின்றன. வீட்டுக் கணினியில் "இணையம் வரவில்லை" என்ற ஒரே அறிகுறி தோன்றினாலும், அதன் காரணம் வன்பொருள், இயக்கி மென்பொருள், வானொலி அலை, மறையாக்கம், முகவரி ஆகிய ஐந்து நிலைகளுள் எதிலும் இருக்கக்கூடும். நல்ல நிலையில் உள்ள அட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றை வாங்கிய பின்னரும் அதே கோளாறு தொடர்வதற்கு, இந்நிலைகளைப் பிரித்து நோக்காமையே பெரும்பாலும் காரணமாகும்.

கோளாறுள்ள நிலையைக் கண்டறிதல்

அதே இடத்தில், அதே வலையமைப்பில் ஒரு செல்பேசி இணைகின்றதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செல்பேசியும் இணையாவிடின் குறை திசைவியிலோ இணையச் சேவையிலோ உள்ளது. கணினியைத் திறக்கத் தேவையில்லை. செல்பேசி இணையுமாயின் கணினியிடம் வரிசையாகச் சில வினாக்களை எழுப்பலாம். அட்டை பொருத்தப்பட்டிருப்பதை இயங்குதளம் அறிகின்றதா? அண்டை வீட்டு வலையமைப்புகளாவது தென்படுகின்றனவா? சொந்த வலையமைப்பு தென்படுகின்றதா? அதில் இணைய முடிகின்றதா? இணைந்த பின் முகவரி கிடைக்கின்றதா? "இல்லை" என்ற விடை முதன்முதலில் எங்கே வருகின்றதோ, அந்நிலையிலிருந்து ஆய்வைத் தொடங்குவது முறை. இவ்வரிசையைத் தாண்டி, எடுத்த எடுப்பில் இயங்குதளத்தையே மீள நிறுவுவது பரவலான வழக்கம். அதனால் பயன் கிடைப்பது அரிது.

அட்டையைக் கணினி அறியாமை

பல மடிக்கணினிகளின் பக்கவாட்டில் வானொலியை அணைக்கும் சிறு ஆளி உண்டு. வேறு சிலவற்றில் விசைப்பலகையின் விசையொன்று இதே வேலையைச் செய்யும். தவறுதலாக அழுத்தப்பட்ட இவ்விசையே கோளாறாக முடிவது உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஆர்எஃப்கில் என்னும் கட்டளை, வானொலி ஆளியால் அணைக்கப்பட்டுள்ளதா, மென்பொருளால் அணைக்கப்பட்டுள்ளதா என்பதைத் தனித்தனியே காட்டும்.

சில மடிக்கணினிகள் தம் உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்ட அட்டைகளின் பட்டியலைப் பயோஸ் நினைவகத்தில் கொண்டிருந்தன. பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால் கணினி தொடங்கவே மறுக்கும். திங்க்பேட் வகைக் கணினிகளில் 1802 என்ற பிழை எண்ணுடன் தோன்றும் செய்தி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இங்கு அட்டையிலும் பழுதில்லை, பொருத்துவாயிலும் பழுதில்லை.

இயக்கி மென்பொருள்

அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் இடையே பேசும் மென்பொருள் இயக்கி அல்லது டிரைவர் எனப்படும். இதனைத் தேடும்போது அட்டையின் பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்புவது பிழையில் முடியலாம். டி-லிங்க் நிறுவனத்தின் டிடபிள்யூஎல்-650 அட்டை தொடக்கத்தில் இன்டர்சில் நிறுவனத்தின் பிரிசம் சில்லைக் கொண்டிருந்தது. பெயரின் இறுதியில் ஒரு கூட்டல் குறி மட்டும் மிகுதியாக உள்ள மற்றொரு அட்டையோ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லைக் கொண்டிருந்தது. ஒன்றின் இயக்கி மற்றொன்றுக்குப் பயன்படாது. பெயரே மாறாமல், பதிப்பு எண் மட்டும் மாறி உள்ளே சில்லு மாறிய அட்டைகளும் சந்தையில் இருந்தன.

ஆகவே சில்லின் அடையாள எண்ணைக் கொண்டே இயக்கியைத் தேட வேண்டும். ஒவ்வொரு பிசிஐ, யூ.எஸ்.பி. சாதனமும் உற்பத்தியாளர் எண், சாதன எண் என இரு எண்களைத் தாங்கியிருக்கும். பிசிஐ சாதனங்களில் இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற நுண்செயலியின் பெயரும் அதுவே. விண்டோஸ் இயங்குதளத்தில் சாதன மேலாளரில் அட்டையின் பண்புகளைத் திறந்தும், லினக்ஸில் எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி கட்டளைகளின் மூலமும் இவ்வெண்களை அறியலாம். சாதன மேலாளரில் குறியீடு 10 என்று தோன்றினால் சாதனத்தைத் தொடக்க முடியவில்லை என்று பொருள். பொருந்தாத இயக்கியும் இதற்கு ஒரு காரணமாகும்.

லினக்ஸ் பயனர்கள் இந்நிலையில் நீண்ட காலம் இடர்ப்பட்டனர். பிராட்காம் நிறுவனம் தன் சில்லுகளுக்கான விவரக்குறிப்புகளை வெளியிடாமையால், தன்னார்வலர்கள் அவற்றின் செயற்பாட்டைப் பின்னோக்கி ஆராய்ந்து இயக்கி எழுதினர். அவ்வியக்கி 2006இல் லினக்ஸ் கருவின் 2.6.17 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் சில்லின் உள்ளே ஏற்ற வேண்டிய நிலைபொருளை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால், பயனரே அதனை நிறுவனத்தின் தனியுரிம இயக்கியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் இயக்கியை லினக்ஸுக்குள்ளேயே இயக்கும் என்டிஸ்ராப்பர் என்னும் மென்பொருளும் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்தமூல இயக்கியை வெளியிட்டது. டெபியன் திட்டம் 2022இல் நடத்திய வாக்கெடுப்பின்படி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அதன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே இத்தகைய நிலைபொருள்கள் இடம்பெறுகின்றன.

இதனோடு இணைந்த மற்றொரு சிக்கல், இணையம் இல்லாமல் இயக்கியைப் பதிவிறக்க முடியாது, இயக்கி இல்லாமல் இணையம் இல்லை என்பதாகும். விண்டோஸ் 11 நிறுவலின்போது இணைய இணைப்புக் கேட்கப்படுவதால், அட்டையை அறியாத புதிய கணினி அப்படியே நின்றுவிடுவதுண்டு. ஈதர்நெட் கம்பி இருந்தால் சிக்கல் தீரும். இல்லையெனில் ஆண்ட்ராய்டு செல்பேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் இணைய இணைப்பைக் கணினியுடன் பகிரலாம். பெரும்பாலான கணினிகள் இதற்குத் தனி இயக்கி கேட்பதில்லை.

சொந்த வலையமைப்பு மட்டும் தென்படாமை

அண்டை வீட்டாரின் வலையமைப்புகள் எல்லாம் தெரிய, சொந்த வலையமைப்பு மட்டும் மறைந்திருப்பது பலரையும் குழப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 1 முதல் 13 வரையிலான தடங்கள் பயன்படுகின்றன. அமெரிக்காவுக்கெனத் தயாரான அட்டைகள் பொதுவாக 11ஆம் தடத்துடன் நின்றுவிடும. திசைவி தானாகவே 12 அல்லது 13ஆம் தடத்தைத் தேர்ந்துகொண்டால், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினிக்கு அது இல்லாத வலையமைப்பே. திசைவியின் தடத்தை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக நிலைப்படுத்தினால் குறை நீங்கும். ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களும் இம்மூன்றே.

திசைவி 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் ஒலிபரப்பினால் 802.11பி, 802.11ஜி அட்டைகள் அதனைக் காணா. வைஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் திசைவிகள் வந்தபோது, பழைய இன்டெல் அட்டைகள் சில அவற்றின் அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் விட்டன. புதிய இயக்கியை நிறுவியதும் அதே அட்டைகள் அவற்றைக் கண்டன.

குறிகை நலிவும் இடையீடும்

குறிகையின் வலிமை டிபிஎம் அலகில் எதிர்ம எண்ணாகத் தரப்படும். -50 நல்ல நிலை; -80 அளவில் இணைப்பு அடிக்கடி அறும். ஒவ்வொரு 3 அலகு வீழ்ச்சியும் திறன் பாதியாவதைக் குறிக்கும். திசைவியின் அருகில் மட்டும் இயங்கி, அடுத்த அறைக்குச் சென்றதும் இணைப்பை இழக்கும் மடிக்கணினியில், அட்டையின் மீதுள்ள மெல்லிய அலைவாங்கிக் கம்பிகள் கழன்றிருக்கக்கூடும். திரையையோ நினைவகத்தையோ மாற்றிய பின் இக்குறை தோன்றினால் ஐயம் வலுப்பெறும். மேசைக்கணினியில் அலைவாங்கி உலோகப் பெட்டியின் பின்புறம், சுவரை ஒட்டி அமைவதே பெரும் குறை. யூ.எஸ்.பி. அட்டையை நீட்டிப்பு வடத்தில் மேசைமீது வைப்பது எளிய தீர்வு.

நுண்ணலை அடுப்பும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையே பயன்படுத்துகின்றன. யூ.எஸ்.பி. 3.0 சாதனங்களும் வடங்களும் இதே பட்டையில் இரைச்சலை எழுப்புவதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆவணம் விளக்கியது. புறநிலை வன்தட்டில் கோப்புகளைப் படியெடுக்கும்போது மட்டும் இணைப்பு அறுந்தால், இரண்டையும் தொலைவிலுள்ள பொருத்துவாய்களுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

மறையாக்கம்

802.11 சீர்தரத்துடன் வந்த டபிள்யூ.இ.பி. மறையாக்கத்தின் அடிப்படைக் குறையை புளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் 2001இல் வெளிப்படுத்தினர். 2007இல் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கும் முறையை வெளியிட்டனர். இதற்கு மாற்றாக டபிள்யூ.பி.ஏ. 2003இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2004இலும், மூன்றாம் பதிப்பு 2018இலும் வந்தன. விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் பதிப்பை அறிய 2005இல் வெளியான தனி இற்றை தேவைப்பட்டது. ஆகவே கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய முடியாத கணினிகள் பல இருந்தன. இன்றும் மூன்றாம் பதிப்பை மட்டும் ஏற்குமாறு அமைத்த திசைவியுடன் பழைய அட்டைகள் இணைவதில்லை. அத்தகைய திசைவியை இரண்டாம் பதிப்பையும் சேர்த்து ஏற்கும் கலப்பு நிலையில் வைக்கலாம்.

டபிள்யூ.இ.பி. மட்டுமே அறிந்த அட்டைக்காகத் திசைவியின் பாதுகாப்பை அந்நிலைக்கு இறக்குவது தவறு. ஒரு கணினியை இணைப்பதற்காக வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களின் தகவல் போக்குவரத்தும் வெளியாருக்குத் திறக்கப்படும். இயக்கியை இற்றைப்படுத்தியும் பயனில்லையெனில், அட்டை பழுதின்றி இருந்தாலும் அதனை மாற்றியாக வேண்டும்.

முகவரி

கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், திசைவியிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். டபிள்யூ.இ.பி. காலத்தில் இதற்கு வியப்பான காரணம் ஒன்று இருந்தது: திறவுகோல் தவறாக இருந்தாலும் "இணைக்கப்பட்டது" என்றே கணினி காட்டும், முகவரி மட்டும் வராது. மறையாக்கத்தின் குறை முகவரிக் குறையாகத் தோன்றியதால், சரியாக இருந்த திசைவி அமைப்புகளைப் பயனர்கள் மாற்றிக் குழப்பினர். முகவரி சரியாக அமைந்தும் வலைப்பக்கங்கள் திறக்காவிடின் ஆட்களப் பெயர் வழங்கியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். அது அட்டையைச் சார்ந்ததன்று.

இடையிடையே அறும் இணைப்பு

சில நிமிடம் பயன்படுத்தாமல் விட்டதும் இணைப்பு அறுந்து, அட்டையை அணைத்து இயக்கினால் மீள்வது மின்சேமிப்பு அமைப்பின் விளைவாக இருக்கலாம். விண்டோஸ் சாதன மேலாளரில் அட்டையின் பண்புகளில் மின் மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கக் கணினிக்கு இசைவு தரும் தெரிவை நீக்கிச் சோதிக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்குதளத்தின் இணைப்பு மேலாண்மைச் சேவையும் அட்டை உற்பத்தியாளரின் மென்பொருளும் ஒரே நேரத்தில் அட்டையைக் கட்டுப்படுத்த முயல்வதும் இதே அறிகுறியைத் தந்தது. இரண்டில் ஒன்றை நிறுத்தியபோது இணைப்பு நிலைத்தது.