இரு படங்களும் ஒரு பழைய கணக்கும்

அண்மையில் இரு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று 2025இல் வெளியான தமிழகப் படம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. மற்றையது 1977இல் நம் மண்ணில் எடுக்கப்பட்ட ‘பொன்மணி’.

முன்னையது, பொருளாதார நெருக்கடியால் படகேறித் தமிழகம் செல்லும் ஈழக் குடும்பமொன்றின் கதை. அன்பான படம்தான். ஆயினும் சசிகுமாரும் சிம்ரனும் பேசுவது பயின்று பெற்ற தமிழ் என்பது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் காதுகளுக்கு உடனே புலப்படும்.

‘பொன்மணி’யில் அக்குறை இல்லை. காவலூர் இராசதுரை எழுத, சிங்களவரான தர்மசேன பத்திராஜ இயக்கியது. சாதியையும் சீதனத்தையும் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் பேசியது. நடை சற்று மெதுவானது. தமிழக நட்சத்திரங்களில் ஊறியிருந்த இரசிகர்கள் அதனை ஆதரிக்கவில்லை.

1962இல் ‘சமுதாயம்’ தொடக்கி வைத்த இலங்கைத் தமிழ்ச் சினிமா, ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) என வளர முயன்றது. 1983 யூலை வன்செயலில் தமிழர்களின் திரையரங்குகளும், ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டன. படச்சுருள்கள் பல சாம்பலாயின.

அந்தத் தீயை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், தீ வருவதற்கு முன்னரே அப்படங்களுள் சில வெற்று இருக்கைகளுக்கு ஓடின என்பதும் வரலாறே. தமிழகம் நம் கதையைச் சொல்லும்போது உச்சரிப்பில் பிழை காணும் உரிமை நமக்கு உண்டு. நம்மவர் சொன்னபோது எத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்வோம்.