வேடந்தாங்கல் சொல்லும் பாடம்



"நம்ம ஊர் தோல் தொழிலைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்" என்றுதான் மலர்க்குழுவினர் கேட்டார்கள். ராணிப்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலை பார்ப்பவனிடம் வேறென்ன கேட்பார்கள்? நான் எழுதப்போவதோ பறவைகளைப் பற்றி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

போன மார்கழியில் பழைய ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர் வேடந்தாங்கல் போனோம். விடிகாலைப் பனியில், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் முழுக்கக் கூடுகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் குஞ்சு பொரிக்க வந்தவை. வடக்கத்திக் குளிருக்குத் தப்பி வந்த ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் மிதந்தன. "டேய், சாப்பாட்டு மணி அடிச்ச நம்ம மெஸ் மாதிரியே இருக்குடா" என்றான் ஒருவன்.

இந்த ஏரியின் வரலாறு ஒரு மனுவில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க ஒரு 'கவுல்' எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் சர்க்கார் தரும் உறுதிச்சீட்டு. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஊராருக்கு இவ்வளவு அக்கறை ஏன்? பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். பறவையைக் காப்பது தங்கள் நெல்லைக் காப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்திலும் ஒரு மனு உண்டு. டேனரிக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்பவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

டேனரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா அங்கே வேலை பார்த்த சம்பளத்தில்தான் நான் நம் கல்லூரியில் பீஸ் கட்டினேன். அந்தத் தீர்ப்பு போட்ட கிடுக்கிப்பிடியால்தான் இன்று எனக்கு வேலையும் இருக்கிறது. ஆனாலும் தினமும் உப்பு அளவு பார்க்கும்போது மனசு உறுத்துகிறது. குரோமியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். உப்பைப் பிரிக்கத்தான் சவ்வு, ஆவியாக்கி என்று கரண்டைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்போதே மண்ணுக்குள் இறங்கிவிட்டதை எந்த மெஷினாலும் சுலபமாக மீட்க முடியாது.

வேடந்தாங்கல்காரர்கள் ஏரி கெடும் முன் மனு கொடுத்தார்கள். நாம் கிணறு கெட்ட பின் கொடுத்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பாலாற்றுத் தண்ணீர் வாங்கும் காவேரிப்பாக்கம் ஏரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2015 முதல் தமிழகமெங்கும் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தம்பி தங்கைகளே, வரும் தை மாதம் ஒரு நோட்டும் பைனாகுலரும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். எழுதி வைத்த கணக்கு இருந்தால்தான் நாளைக்கு மனு நிற்கும்.

வாழ்க நம் கல்லூரி!