பகல் பன்னிரண்டுக்கு மாறும் தேதி

லட்சக்கணக்கில் விலை போகும் சுவிஸ் வாட்ச். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தேதி மாறுகிறது, ராத்திரி அசையாமல் கிடக்கிறது. வாட்ச் ரிப்பேர் கடைகளுக்கு வரும் பழைய புகார் இது. பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. வாட்சுக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாது, அவ்வளவுதான். முகப்பில் இருப்பது 12 மணி நேரம், நாளுக்கோ 24. நேரம் வைக்கும்போது முள்ளை ஒரு சுற்று குறைவாகத் திருப்பியிருந்தால், வாட்சின் நள்ளிரவு நம்முடைய நண்பகலில் வந்து விழும். முள்ளை முன்பக்கமாக இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, தேதியை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். மணி முள்ளின் சக்கரம் நாளுக்கு இரண்டு தரம் சுற்றும். அதோடு இணைந்த இன்னொரு சக்கரம், பல் எண்ணிக்கை இரட்டிப்பாக இருப்பதால், ஒரே தரம் சுற்றும். அந்தச் சக்கரத்தில் விரல் மாதிரி ஒரு நீட்டம். முகப்புக்கு அடியில் 31 எண்கள் எழுதிய வளையம், அதற்கு 31 பல். ராத்திரி ஒன்பது, பத்து மணிவாக்கில் விரல் ஒரு பல்லைத் தொட ஆரம்பிக்கும். நள்ளிரவையொட்டி அதைத் தள்ளிவிடும். வளையம் இடம் தவறாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ஸ்பிரிங். இந்தத் தள்ளலுக்குச் சக்தி வேண்டும். சாவி குறைவாக ஏறிய வாட்ச் சரியாக நள்ளிரவை ஒட்டி நின்றுபோவதற்கு அது ஒரு காரணம். தேதி பாதியில், இரண்டு எண்ணும் அரையரையாகத் தெரிய நின்றால், எண்ணெய் காய்ந்ததையோ அந்த ஸ்பிரிங்கையோ சந்தேகப்படலாம்.

ரோலெக்ஸ் ‘டேட்ஜஸ்ட்’ 1945இல் வந்தது. முகப்பில் மூன்று மணி இடத்தில் சின்ன சன்னல், அதில் தேதி. ஆரம்ப வாட்சுகளில் தேதி மெதுவாகத்தான் நகர்ந்தது. நள்ளிரவில் ‘டக்’கென்று தாவும் ஏற்பாடு 1950களின் நடுவில் வந்தது. ஆனால் தேதியை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. நாலு நாள் தள்ளவேண்டுமென்றால் முள்ளை நாலு நாள் சுற்றவேண்டும். திருகை ஒரு நிலை மட்டும் இழுத்துத் தேதியைத் தனியே மாற்றும் வசதி டேட்ஜஸ்டில் 1977இல்தான் வந்தது. வசதியோடு ஆபத்தும் வந்தது. அதே வசதி கொண்ட பல மெக்கானிக்கல் வாட்சுகளில், விரல் பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது திருகினால் பல் உடையும். முள் ஒன்பதிலிருந்து மூன்று வரை இருக்கும்போது தேதியைத் தொடாதே என்று சொல்வது அதனால்தான்.

இது புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். ராயவரம், குழிபிறை, நச்சாந்துபட்டி மாதிரி நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் உண்டு. பின்னாளில் சிங்கப்பூர், வளைகுடா என்று எல்லாச் சமூகத்தாரும் போனார்கள். அப்படிப் போன வீடுகளில் ஐயாவின் வாட்ச், அப்பாவின் வாட்ச் என்று பீரோவில் ஒன்று இருக்கும். வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வெளியே வரும். எப்போது வரும்? முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, பத்து மணிக்கு. நேரத்தைப் பத்துக்கு வைத்துவிட்டு, அடுத்து தேதியைத் திருகுவார்கள். இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. (ராகுகாலத்தைச் சொல்லவில்லை.) முள்ளை முதலில் ஆறரைக்குக் கொண்டுபோங்க. தேதியை நேற்றையதாக வையுங்க. பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றி, தேதி இன்றைக்கு மாறுவதைக் கண்ணால் பார்த்தபின், அங்கிருந்து சரியான நேரத்துக்கு நகர்த்துங்க. ராத்திரி பத்து மணியாக இருந்தால் நண்பகலையும் தாண்டித்தான் வரவேண்டும். பகல்–ராத்திரிக் குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடும். பழைய வாட்சுக்குப் பல் உடைந்தால் உதிரிபாகம் தேடுவது லேசான வேலை இல்லை.

தேதி எந்த நொடியில் மாறுகிறது என்ற இந்தத் தகராறு இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. குடுமியான்மலை, திருக்கோகர்ணம் பக்கத்துப் பாண்டியர் கல்வெட்டுகளைப் பாருங்க. மன்னரின் ஆட்சியாண்டு, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று அடுக்கி எழுதியிருப்பார்கள். ஒன்று தப்பினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். நம் வாட்ச் சன்னலில் இருக்கும் ஒற்றை எண்ணுக்கு அந்தத் துணை இல்லை.

ஆனாலும் கணக்குப் போடுகிறவருக்கு ஒரு நாள் இடிக்கும். கிழமை சூரிய உதயத்தில் மாறும். திதி எந்த நேரத்திலும் மாறும். உதயத்தில் இருக்கும் திதியே அந்த நாளின் பெயர் என்பது பொது வழக்கம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் தானம் கொடுத்தால், அந்த நேரத்தில் நடப்பது அடுத்த திதியாக இருக்கலாம். அதை எழுதினால் பொய்யில்லை. கணக்கில்தான் ஒரு நாள் தள்ளித் தெரியும். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பெரிய பஞ்சாங்கத் தொகுதிகளில், கி.பி. 700 முதல் 1799 வரை, திதி முடியும் தருணத்தை நாளின் தசம பின்னமாகவே கொடுத்தார். 0.30 என்றால் உதயத்திலிருந்து ஏழு மணி நேரம் கழித்து, ஏறக்குறைய பகல் ஒரு மணி. கல்வெட்டில் திதி ஒன்று கூடியிருந்தால், எழுதினவரைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பின்னத்தைப் பார்க்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929இல் நூலாக வந்தபோது இந்தக் கருவி ஆய்வாளர்கள் கையில் இருந்தது.

நள்ளிரவுதான் நாளின் தொடக்கம் என்பதும் ஓர் ஒப்பந்தமே. வானியலாளர்கள் 1924 முடிய நண்பகலிலேயே நாளைத் தொடங்கினார்கள். ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நடுவில் தேதி மாறினால் குறிப்பேடு குழம்பும் இல்லையா? 1925 ஜனவரி 1 முதல்தான் அவர்களும் நள்ளிரவுக்கு வந்தார்கள். வானியல் கணக்கில் பயன்படும் ஜூலியன் நாள் எண் மட்டும் இன்றும் நண்பகலில் மாறுகிறது. அதாவது மத்தியானம் தேதி மாறும் அந்த வாட்ச், நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு வானாய்வுக்கூட மேசையில் இருந்திருந்தால் யாரும் கடைக்கு எடுத்துப்போயிருக்க மாட்டார்கள்.

31 பல் வளையத்துக்கு எல்லா மாதமும் 31 நாள். ஆகவே வருஷத்துக்கு ஐந்து தரம், பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் முடிவில், கையால் தள்ளியே ஆகவேண்டும். இதற்காக வாட்சைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு! மாத நீளத்தையும் லீப் வருஷத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரத்தை படேக் பிலிப் 1925இல் செய்தது. அந்த வகையிலும் பெரும்பாலானவற்றை 2100 மார்ச் 1 அன்று ஒருமுறை கையால் திருத்த வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த வருஷம் லீப் இல்லை. தமிழ் மாதமோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை போகும், சங்கராந்தி எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து. ஆனி 32ஐக் காட்ட அந்த வளையத்தில் பல்லே இல்லை. அதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான்.