கொல்லைப்புறத்தில் வளர்ந்த வி-8

1932 மார்ச் 31 அன்று ஃபோர்டு கம்பெனி ஒரு புது காரை மக்கள் பார்வைக்கு வைத்தது. பானெட்டைத் திறந்தால் எட்டு சிலிண்டர் இன்ஜின். எட்டு சிலிண்டர் ஒன்றும் அதிசயமில்லை; காடிலாக் 1914-லேயே வி-8 கொடுத்துவிட்டது. அதிசயம் விலையில் இருந்தது. மடக்குக் கூரை போட்ட ரோட்ஸ்டர் 460 டாலர். நாடே வேலையில்லாமல் வரிசையில் நின்ற வருடத்தில், பணக்காரர் வீட்டு இன்ஜினைச் சாமானியன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டார் ஹென்றி ஃபோர்டு. ஏழைகள் மேல் வந்த கருணை இல்லை அது. 1929-லிருந்து ஷெவர்லே ஆறு சிலிண்டர் போட்டு விற்பனையில் இடித்துக்கொண்டிருந்தது. ஆறுக்கு ஆறு என்று பதில் சொல்ல அறுபத்தெட்டு வயதுக் கிழவருக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜினை வரைந்தவர்கள் கார்ல் ஷுல்ட்ஸ், ரே லேர்ட் என்ற இருவரும் சில உதவியாளர்களும். கம்பெனிக்குள்ளேயே மற்றவர் கண்ணில் படாமல் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, ஃபோர்டு தன் அருங்காட்சியகக் கிராமத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்திருந்த தாமஸ் எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தில் அவர்களை உட்கார வைத்தார். வரைவதைவிட வார்ப்பதுதான் பெரும்பாடு. அதற்கு முன் வந்த வி-8 பிளாக்குகளைப் பெரும்பாலும் துண்டு துண்டாக வார்த்து போல்ட் போட்டு இணைப்பார்கள். ஃபோர்டோ இரண்டு வரிசைச் சிலிண்டர்களும் கிராங்க் கேஸும் ஒரே வார்ப்பாக வர வேண்டும் என்றார். அப்போதுதான் விலை இறங்கும். அச்சுக்குள் வைக்கும் மணல் கருக்களில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் பிளாக் வீண். ஆரம்பத்தில் நல்லதைவிடக் கழிவு அதிகம் என்னும் நிலை. கடைசியில் வார்ப்பாலை வழிக்கு வந்தது. 221 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 3,600 சிசி, 65 குதிரைத்திறன்.

இந்த இன்ஜினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை. பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில், வாயை மேலே காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஹெட் என்பது ஒரு தட்டை மூடி, அதற்கு மேல் வேலை அதற்கில்லை. ஃபிளாட்ஹெட் என்று பெயர் விழுந்தது அதனால். உள்ளே வரும் பெட்ரோல் காற்றுக் கலவை மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி கீழே இறங்கித்தான் பிஸ்டனைச் சேர முடியும். எரிந்த புகை வெளியேறும் வழி இன்னும் மோசம். வால்வுகள் ‘வி’யின் உட்பக்கத்தில் இருக்க, சைலன்சர் குழாயோ வெளிப்பக்கத்தில். நடுவில் சிலிண்டர்களும் அவற்றைச் சுற்றித் தண்ணீரும். புகை அந்தத் தண்ணீர் அறையைக் குறுக்கே கடந்து போகிறது. அடுப்புப் புகையைக் கூரை வழியாக விடாமல் படுக்கையறை வழியாக வாசலுக்குக் கொண்டுபோனால் எப்படியோ, அப்படி. ஒவ்வொரு பக்கமும் நான்கு சிலிண்டருக்கு மூன்றே வாசல். நடு இரண்டுக்கும் ஒரே வாசல். போதாததற்கு, 1936 வரை வாட்டர் பம்புகளை ஹெட்டின் மேல்முனையில் வைத்து, ஏற்கெனவே கொதித்த தண்ணீரை உறிஞ்ச விட்டிருந்தார்கள். மலைச்சாலையில் ரேடியேட்டர் கொதிப்பது இந்த வண்டிக்குக் கூடவே பிறந்த குணம்.

இத்தனை குறையுள்ள இன்ஜினா அமெரிக்க இளைஞர்களின் செல்லப்பிள்ளை ஆயிற்று என்று கேட்டால், குறைகளால்தான் ஆயிற்று என்பேன். அந்தக் குறைகள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. ‘வி’யின் நடுவே மேலாக உட்கார்ந்திருக்கும் இன்டேக் மேனிஃபோல்டைச் சில போல்ட்டுகளில் கழற்றிவிடலாம். ஹெட்டைத் தூக்க வால்வு கியர் எதையும் கலைக்க வேண்டாம். நட்டுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும், கேஸ்கெட் மாற்றி மறுபடி போட்டுவிடலாம். ஒரு ஸ்பேனர் செட்டும் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் பதினெட்டு வயதுப் பையன் தன் காரின் சுவாசத்தை மாற்றிவிட முடிந்தது. குறையே இல்லாத இன்ஜினில் பையனுக்கு என்ன வேலை?

ஆனாலும் பிறந்தவுடன் யாரும் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மலைகளைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். அங்கே மியூராக், ரோஸமண்ட், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப்படுகைகள். கண்ணுக்கெட்டிய தூரம் களிமண் தரை, சிமெண்ட் போல இறுகியிருக்கும். வார இறுதியில் பையன்கள் அங்கே ஓட்டிப் போவார்கள். மட்கார்டையும் விளக்கையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, எத்தனை வேகம் போகிறது என்று பார்ப்பார்கள். மறுபடி மாட்டிக்கொண்டு அதே காரில் வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்குப் போவார்கள். 1930-களின் முற்பாதியில் அந்த ஏரிகளில் ராஜா பழைய நாலு சிலிண்டர் ஃபோர்டுதான். அதற்கான ஸ்பெஷல் ஹெட்டும் கேமும் ஏற்கெனவே கடைக்கு வந்திருந்தன. சீண்டப்படாத புது வி-8 அதன் முன்னால் தோற்றுப்போகும்.

வி-8-இன் நாள் வந்தது காயலான் கடை வழியாக. இளைஞர்களிடம் புது கார் வாங்கக் காசில்லை. லட்சக்கணக்கில் விற்ற கார்களில் சில மரத்தில் மோதி, சில கைவிடப்பட்டு, சல்லிசாக இன்ஜின்கள் கிடைக்கத் தொடங்கியபோதுதான் இந்த வி-8 பையன்களின் கொல்லைப்புறத்துக்குள் நுழைந்தது. லாஸ் ஏஞ்சலஸில் மழை குறைவு, துரு குறைவு. விமானத் தொழிற்சாலைகள் நிறைய. எந்தத் தெருவிலும் லேத் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார்.

கான்ஸாஸிலிருந்து பிழைப்புத் தேடி 1931-ல் கலிஃபோர்னியா வந்த விக் எடெல்பிராக் அப்படி ஒருவர். ஒர்க்ஷாப் வைத்திருந்தார். 1932 ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கி, கிடைத்த மேனிஃபோல்டு எதிலும் திருப்தி வராமல், 1938-ல் தானே ஒன்றை வடிவமைத்து வார்க்கக் கொடுத்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர் உட்காரும் அலுமினிய மேனிஃபோல்டு. இன்ஜினின் மூச்சுத் திணறலில் பாதி அங்கேயே தீர்ந்தது. 1941 நவம்பர் 16-ஆம் தேதி, தெருவில் ஓட்டும் அதே ரோட்ஸ்டரில், ரோஸமண்ட் ஏரியில் மணிக்கு 121.42 மைல் போனார், கிலோமீட்டரில் 195. மூன்றே வாரத்தில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது.

மீதிப் பாதி மூச்சைத் திறக்கும் வேலை பிளாக்குக்குள் இருந்தது. அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால், வால்வு வாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு விரல் அகல இரும்புத் திட்டு தெரியும். கலவை அந்தத் திட்டில் முட்டித்தான் உள்ளே போகிறது. பையன்கள் அதைக் கிரைண்டரால் சரிவாகச் செதுக்கினார்கள். பிறகு வால்வுக்குக் கீழே இருக்கும் குழிவழிகளையும் குடைந்து அகலப்படுத்தினார்கள். கல் தேய, இரும்புத் தூள் மூக்கில் ஏற, ஒவ்வொரு வழியாக எட்டு சிலிண்டருக்கும் செய்ய வேண்டும். ஓர் இடத்தில் கூடுதலாகத் தேய்த்தால் தண்ணீர் அறை பொத்துக்கொண்டு வந்துவிடும். அத்தோடு பிளாக் மறுபடி காயலான் கடைக்கு. முடிந்த வேலையிலும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: திட்டைச் செதுக்கினால் எரியறையின் கொள்ளளவு கூடி அழுத்தம் குறைகிறது. ஒரு கையால் வாங்கியதில் கொஞ்சத்தை மறு கையால் கொடுக்க வேண்டும். செதுக்குவதா வேண்டாமா என்று இன்றைக்கும் இரண்டு கட்சி. நான் வேண்டாம் கட்சி. அழுத்தம் உயர்த்திய அலுமினிய ஹெட் போட்டு, திட்டை இருந்தபடி விட்டுவிடுவதே தெருவில் ஓடும் வண்டிக்குச் சரி என்று எனக்குப் படுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இதே இன்ஜின் வேறு வேஷம் கட்டியது. பிரிட்டிஷ் படையின் பிரென் கேரியர் என்ற சின்னச் சங்கிலிச் சக்கர வண்டியில் இருந்தது. கனடாவில் ஃபோர்டு கட்டிய ராணுவ லாரிகளில் இருந்தது; அந்த லாரிச் சட்டங்கள் கப்பலில் இந்தியா வந்து, இங்கே கவச உடல் பூட்டப்பட்டு, இந்தியப் படையோடு வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போயின. மியூராக் ஏரியை விமானப்படை எடுத்துக்கொண்டது. 1947-ல் விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டு வந்து இறங்கியது பழைய ரோட்ஸ்டர் பையன்களின் களிமண்ணில்தான்.

படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வெல்டிங்கும் மெஷினிங்கும் அத்துப்படி; கையில் கொஞ்சம் காசும் இருந்தது. அடுத்த ஏழெட்டு வருடம்தான் இந்த இன்ஜினின் பொற்காலம். அர்மீனியக் குடும்பத்துப் பையன் எட் இஸ்கெண்டேரியன் ஒரு பழைய கிரைண்டிங் மெஷினை வாங்கி, கேம் ஷாஃப்ட் அரைக்கும்படி தானே மாற்றிக்கொண்டார். வால்வு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறந்திருக்க வேண்டும் என்பது கேமின் முட்டை வடிவ மேட்டில்தான் இருக்கிறது. அதை மாற்றினால் இன்ஜினின் சுபாவமே மாறும். ஸ்டூ ஹில்போர்ன் கார்பரேட்டரையே தூக்கிவிட்டு பெட்ரோலைப் பீய்ச்சும் முறையைச் செய்து பார்த்தார். 1948-ல் அவருடைய கார் ஏரியில் முதன்முதலாக மணிக்கு 150 மைலைத் தாண்டியது. அதே 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகை 25 சென்ட் விலையில் வந்தது. ஒருவன் கொல்லைப்புறத்தில் கண்டுபிடித்த உத்தி, அதற்குப் பிறகு நாடு முழுக்க எல்லாக் கொல்லைப்புறத்துக்கும் போயிற்று.

அந்த உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிராங்க் ஷாஃப்ட் திருட்டு. ஃபோர்டு கம்பெனியே செய்த 1949 மெர்குரி காரின் கிராங்க் நான்கு அங்குல ஸ்ட்ரோக் உள்ளது. ஃபோர்டின் 3¾ அங்குல கிராங்கைக் கழற்றிய இடத்தில் அது அப்படியே உட்காரும். பிளாக்கை 3 5/16 அங்குலத்துக்கு ரீபோர் செய்து இதைப் போட்டால் 276 கன அங்குலம், சுமார் 4,500 சிசி. இது போதாதவர்கள் மெர்குரி கிராங்கைக் கிரைண்டிங் மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். கனெக்டிங் ராட் பிடிக்கும் ஜர்னலைச் சுற்றிலும் சமமாக அரைக்காமல், மையத்திலிருந்து வெளியே தள்ளி அரைப்பார்கள். ஜர்னல் மெலியும், பழைய மாடல் ராட் அதற்குச் சரியாகச் சேரும். மையம் விலகியதால் ஸ்ட்ரோக் எட்டில் ஒரு அங்குலம் கூடிவிடும். போரையும் கொஞ்சம் ஏற்றினால் 296. புது கிராங்க் ஒன்றும் வாங்காமல், அரைத்தே இன்ஜினைப் பெரிதாக்கிய வித்தை இது.

எல்லாக் குறையையும் ஒரே அடியில் தீர்க்க வந்தவர் ஸோரா அர்கஸ்-டன்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு பிரஸ்ஸல்ஸில் பிறந்து, நியூயார்க்கில் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர். ஃபோர்டு லாரிகள் கொதிப்பதற்கு மருந்தாக, வால்வுகளை மேலே கொண்டுபோகும் அலுமினிய ஹெட் ஒன்றை 1947-ல் செய்தார். தன் பெயரைச் சுருக்கி ஆர்டன் என்று பெயர் வைத்தார். அரைக்கோள எரியறை, புகைக்கு நேர்வழி. அழகான பொருள். ஆனால் விலையும் எடையும் அதிகம், லாரிக்காரர்கள் வாங்கவில்லை. சில நூறுக்கு மேல் விற்காமல் முடிந்துபோயிற்று. பந்தயக்காரர்கள் மட்டும் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அதே டன்டோவ் 1953-ல் ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: பத்திரிகைகளைத் திறந்தால் இந்தப் பையன்கள் உலகம் முழுக்க ஃபோர்டுதான், இவர்களுக்கு நாம் ஸ்பெஷல் கேமும் வால்வும் மேனிஃபோல்டும் கொடுக்காவிட்டால் இந்தத் தலைமுறை நம் பக்கம் திரும்பாது என்பது அதன் சாரம். 1955-ல் ஷெவர்லேயின் சின்ன வி-8 வந்தது. 265 கன அங்குலம். பெட்டியைப் பிரித்ததுமே 162 குதிரைத்திறன், கூடுதல் பேக் வாங்கினால் 180. ஃபிளாட்ஹெட்டுக்கு மாதக்கணக்கில் செதுக்கிச் சேர்த்ததை அது கடையிலேயே கொடுத்துவிட்டது. ஃபோர்டும் 1953 மாடலோடு அமெரிக்க கார்களில் தட்டைத்தலையை நிறுத்தியிருந்தது. கொல்லைப்புறங்கள் சில வருடங்களில் காலி. காயலான் கடைக்காரர்கள் இரும்பு விலைக்குப் போட்டார்கள்.

கதை அத்தோடு முடியாமல் பிரான்ஸுக்குப் போனதுதான் வேடிக்கை. அங்கே ஃபோர்டின் கிளைக் கம்பெனியை 1954-ல் சிம்கா எடுத்துக்கொண்டது. இன்ஜினும் கூடவே போனது. 1960-களிலும் பிரெஞ்சு ராணுவ லாரிகளுக்கு இந்தத் தட்டைத்தலை வி-8 தயாராகிக்கொண்டிருந்தது. ராணுவம் கழித்துவிட்ட உதிரி இன்ஜின்கள் பின்னாளில் மரப்பெட்டிகளில் அட்லாண்டிக்கைத் தாண்டி, அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்களின் ஷெட்டுகளுக்கே வந்து சேர்ந்தன. பழைய அமெரிக்க பிளாக்கைவிடப் பிரெஞ்சு பிளாக்கை நம்பி வாங்கலாம் என்பது அவர்களிடையே பேச்சு.

காரணம், பழைய பிளாக்கில் விரிசல். வால்வு உட்காரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே, சூடு அதிகம் தின்ற இடத்தில் முடி போலக் கோடு விழுந்திருக்கும். அதனால் ஒரு பைசா செலவழிக்கும் முன்பு பிளாக்கைக் காந்தமேற்றி இரும்புத் தூள் தூவிப் பார்க்கிறார்கள். தூள் கோடாகச் சேர்ந்து நின்றால் அங்கே விரிசல். தேறிய பிளாக்கில் அடுத்த வேலை, தண்ணீர் அறைக்குள் கம்பி விட்டு நோண்டுவது. கறுத்துக் கட்டியான மணல் கை நிறைய வரும். வார்த்த நாளில் ஃபோர்டு வார்ப்பாலை சுத்தம் செய்யாமல் விட்ட மணல் அது. அத்தனை வருடம் ரேடியேட்டர் கொதித்ததில் அதற்கும் ஒரு பங்கு.

யூட்டாவின் போன்வில் உப்புப் படுகையில் வருடா வருடம் நடக்கும் வேகப் பந்தயத்தில் இந்த இன்ஜினுக்கு இன்னும் தனி வகுப்பு உண்டு. எக்ஸ்எஃப் என்று பெயர். சூப்பர்சார்ஜர் பூட்டிய ஒரு ஃபிளாட்ஹெட் அங்கே 300 மைல் வேகத்தைத் தாண்டியிருக்கிறது. டன்டோவின் ஹெட் போட்டவர்களை மட்டும் அந்த வகுப்பில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு எக்ஸ்எக்ஸ்எஃப் என்று வேறு வரிசை.