காரைக்கால் கடற்கரை மேடுகளும் மீனவர் மரபறிவும்

காரைக்கால், காவிரிப் படுகையின் கடைமடையில் அமைந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதி மாவட்டமாகும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி 1954-இல் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்த இப்பகுதியை, ஒருபுறம் கடலும் மற்ற புறங்களில் தமிழ்நாட்டின் மாவட்டங்களும் சூழ்ந்துள்ளன. இதன் வடகோடியில், தரங்கம்பாடிக்குத் தெற்கே உள்ள மீனவ ஊர் மண்டபத்தூர்.

மலைநாட்டில் பேரிடர் என்றால் நிலச்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரி கண்டது அதைத்தான். மலையே இல்லாத காரைக்காலில் மண் சரிந்து விழுவதில்லை. கடல் அதை அள்ளிக்கொண்டு போகிறது. எந்த மண்ணில் வீடு கட்டலாம், எந்த மண்ணைத் தொடக்கூடாது என்ற அறிவு மட்டும் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

ஊர்ப்பெயரில் உள்ள நில அறிவு

காரைக்கால் கடலோரத்தில் கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு என வரிசையாக ஊர்கள் உள்ளன. கோட்டுச்சேரி உள்நாட்டில் வயல் சூழ்ந்த ஊர். கோட்டுச்சேரிமேடு கடலை ஒட்டிய மணல்மேட்டில் உள்ள மீனவர் குடியிருப்பு. காரைக்காலுக்கும் காரைக்கால்மேட்டுக்கும் உள்ள உறவும் இதுவே. ஆறுகள் கொண்டுவந்த மணலை அலையும் காற்றும் கரைக்கு இணையாகக் குவித்ததால் இம்மேடுகள் உருவாயின. இரண்டு மேடுகளுக்கு இடையே பள்ளம் இருக்கும். மழைக்காலத்தில் அதில் நீர் நிற்கும்.

மீனவர் மேட்டில் குடியேறியதற்குக் காரணங்கள் பல. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் கடல் ஏறினாலும் மேடு மூழ்குவது அரிது. பின்புறப் பள்ளத்தில் வெள்ளம் நின்றாலும் வீட்டுக்குள் வராது. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதப்பதால், கடலுக்கு வெகு அருகிலும் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். மேட்டை வெட்டினால் அந்தத் தண்ணீரும் கெடும் என்பது ஊராருக்குத் தெரிந்ததே.

மேட்டைக் காப்பவை செடிகள். அலைக்கு மிக அருகே படர்வது அடம்பங்கொடி. அதற்கு மேல் இராவணன் மீசை என்னும் முள்புல்; அதன் பின்னே தாழை, புன்னை, பனை. பறக்கும் மணலைக் கொடியும் புல்லும் பிடித்து நிறுத்த, மேடு ஆண்டுதோறும் சிறிது வளரும். புயலில் கரைந்தாலும் கோடையில் மீண்டும் சேரும். சவுக்கு இந்த வரிசையில் இல்லை. அது விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பரப்பப்பட்ட மரம்.

காற்றுக்கும் நீருக்கும் தனிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். நீரோட்டத்தை நீவாடு என்பர். காற்றும் நீவாடும் பருவத்துக்கு ஒவ்வாமல் திரும்பினால், கடலின் நிறமும் அலையின் ஓசையும் மாறினால், படகுகளை மேலே ஏற்றிவிடுவர். கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் அதை மீறுவது எளிதன்று.

2004 டிசம்பர் 26

இந்த அறிவு முழுவதும் புயலுக்கானது. ஆழிப்பேரலைக்கு அதில் பாடம் இல்லை. பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் உண்டு. கடற்கோள் என்ற சொல்லும் உண்டு. 1881-இல் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலை நாகப்பட்டினத்து ஓதமானியில் பதிவாகியுள்ளது. ஆனால் அது சிறிய அலை. கரையில் வாழ்ந்தோர் நினைவில் தங்கவில்லை. இந்தோனேசியாவின் சிமலுவே தீவினர் 1907-இல் பட்ட துயரை 'சுமோங்' என்ற ஒரே சொல்லில் தாலாட்டாகவும் கதையாகவும் காத்து வந்தனர். 2004-இல் அந்தச் சொல் கேட்டதும் மேட்டுக்கு ஓடினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களில் இறந்தோர் 7 பேர்.

காரைக்காலில் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. காலை 6.28 மணிக்குச் சுமத்திராவில் நிலம் அதிர்ந்தது. அலை இங்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்வார் இல்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி ஆகிய ஊர்கள் பெரும் இழப்பைக் கண்டன. மாவட்டத்தில் இறந்தோர் ஏறத்தாழ 500 பேர். அடுத்துள்ள நாகப்பட்டினத்தில் 6,000-க்கும் அதிகம். மேடு என்ற பெயர் அன்று யாரையும் காக்கவில்லை. தரையின் உயரம் போதவில்லை. வீடுகளும் கடலை நெருங்கியிருந்தன.

அதே ஒன்றியப் பகுதியின் நல்லவாட்டில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியுடன் இயங்கிய கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, நாள்தோறும் அலை உயரம் சொல்லும் கருவி, அன்று ஓடச் சொன்னது. ஊரார் உயிர் பிழைத்தனர். நம்பிப் பழகிய குரல் என்பதால்தான் கேட்டவர் தயங்காமல் ஓடினர் என்று கொள்ளலாம்.

மரமா, மேடா?

2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் பெரிதும் தப்பியதாகக் கூறியது. வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே முதன்மைக் காரணம் என்றனர். மீனவர் மரபு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. செடி இருந்தால் மேடு இருக்கும் என்பது அதன் கணக்கு. அதுவே சரியாகத் தோன்றுகிறது.

மீட்புப் பணியில் இந்தக் கணக்கு பல இடங்களில் மறக்கப்பட்டது. கரையெங்கும் சவுக்கு நடப்பட்டது. அதன் நெருக்கம் ஆமைகள் முட்டையிட வரும் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. நாகைக் கரையில் புதுக் குடியிருப்புகளுக்காக மணலைச் சமப்படுத்தி, நிழல்மரங்களை வெட்டிய ஊர்கள் உண்டு. 2005 மழையில் தற்காலிகக் குடியிருப்புகள் பல நீரில் நின்றன. மேட்டுக்குப் பின்னே பள்ளம் என்பதை ஊர்க் கிழவர் எவரையும் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பர்.

இன்றைய நிலை

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2008-இல் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோதும், 2018-இல் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கடந்தபோதும் முன்கூட்டியே அறிவிப்பு கிடைத்தது. காரைக்காலில் இப்போது வானிலை ரேடாரும் உண்டு.

மணல்மேடுகளை 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்தது. ஆனால் வரைபடத்தில் மேடாகக் குறிக்கப்பட்ட இடத்துக்கே இது பொருந்தும். ஏற்கெனவே சமப்படுத்தப்பட்டு, ஊர்ப்பெயரில் மட்டும் எஞ்சியுள்ள மேடு அதில் இடம்பெறாது.