சிம் பூட்டின் கதை

ஒரு நிறுவனம் விற்ற கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை வேலை செய்யாதபடி மென்பொருளால் போடப்படும் தடைக்குச் சிம் பூட்டு என்று பெயர். 1991இல் ஐரோப்பாவில் ஜிஎஸ்எம் கைபேசிச் சேவை தொடங்கியபோது வாடிக்கையாளரின் கணக்கு கருவியை விட்டுச் சிறு அட்டைக்கு இடம் மாறியது. அட்டையை மாற்றினால் போதும், அதே கருவியில் வேறு நிறுவனத்தின் சேவை கிடைக்கும். கைபேசியின் விலை எட்டாத உயரத்தில் இருந்த அக்காலத்தில் பல நிறுவனங்கள் அதை அடக்க விலைக்கும் குறைவாக விற்று, நட்டத்தை மாதக் கட்டணத்தில் ஈடுகட்டின. மலிவாக வாங்கியவர் மறுநாளே வேறு அட்டைக்கு மாறிவிட்டால் போட்ட பணம் திரும்பாது. அதைத் தடுக்கவே பூட்டு வந்தது.

சிம் அட்டையில் பதிந்துள்ள சந்தாதாரர் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கின்றன. பூட்டிய கைபேசி இந்த இலக்கங்களைத் தன் நினைவகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சேவையை மறுத்துவிடும். நிறுவனம் தரும் திறவு எண்ணை உள்ளிட்டால் பூட்டு நீங்கும். நிறுவனத்தைக் கேட்காமலே கணினியோடு இணைத்துப் பூட்டை நீக்கித் தரும் கடைகளும் விரைவில் தோன்றின.

அமெரிக்காவில் இந்தப் பூட்டு நீக்கம் பதிப்புரிமைச் சிக்கலாக மாறியது. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், பதிப்புரிமை பெற்ற படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பத் தடைகளை மீறக் கூடாது என்றது. திரைப்படங்களையும் இசையையும் மனத்தில் வைத்து இயற்றிய அச்சட்டம், கைபேசிக்குள் இருந்த மென்பொருளுக்கும் பொருந்தியது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகளை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகரிடம் இருந்தது. அவர் 2006இல் பூட்டு நீக்கத்துக்கு விலக்கு அளித்தார். 2010இல் அது நீடித்தது. 2012இல் நிலைமை மாறியது. 2013 ஜனவரி 26க்குப் பின் வாங்கும் கைபேசிகளின் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றி நீக்குவதற்கு விலக்கு இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்து, முழு விலையும் கட்டித் தீர்த்தவருக்கும் இதுவே விதி.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. வெள்ளை மாளிகைக்கு அனுப்பிய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2013 மார்ச்சில் அரசு அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பரில் பெரிய நிறுவனங்கள், ஒப்பந்தக் கடமை முடிந்தவர்களின் பூட்டை நீக்கித் தருவதாகத் தாமாகவே ஒப்புக்கொண்டன. 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் பழைய விலக்கை மீட்டது. உரிமையாளருக்காகப் பிறர் பூட்டை நீக்கித் தரவும் வழி திறந்தது. ஆனால் பூட்டிய கைபேசிகளை விற்பதை அது தடுக்கவில்லை.

அந்த அடியை எடுத்துவைத்தவை வேறு நாடுகள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைபேசிகள் அனைத்தும் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும் என்றும், பழையவற்றின் பூட்டைக் கட்டணமின்றி நீக்க வேண்டும் என்றும் ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. ஜப்பான் 2021 அக்டோபரிலும் பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் இவ்வழிக்கு வந்தன. மாதக் கட்டண ஒப்பந்தமும், அதை இடையில் முறித்தால் கட்ட வேண்டிய தொகையும் நிறுவனத்தின் முதலீட்டைக் காக்கப் போதுமானவை. பூட்டு செய்வதெல்லாம் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதைக் கடினமாக்குவதே என்ற வாதம் இந்நாடுகளில் வென்றது.