ஈஸ்டர் டார்ட்டும் ஊர்ப் பொது அடுப்பும்

மாவை மெல்லியதாகத் தேய்த்து, விளிம்புயர்ந்த தட்டில் விரித்து, முட்டை, பாலேடு, கீரை, வெங்காயம், பாலாடைக்கட்டி முதலியவற்றுள் கிடைத்ததை நிரப்பிச் சுடுகிற பண்டம் டார்ட் எனப்படும். இனிப்பு முதன்மை பெறாத டார்ட், மேலைநாட்டு இல்லங்களில், காலையுணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி விடுமுறை நாளில் உண்ணும் ‘ப்ரன்ச்’ என்னும் வேளைக்கு உரிய எளிய பண்டமாக இன்று கருதப்படுகிறது. இந்த எளிமை மிகப் பிந்திய காலத்தது. பல நூற்றாண்டுகளாக, டார்ட்டுக்குள் எது செல்லலாம் என்பதைத் திருச்சபையின் நாட்காட்டியும், அது எப்போது எங்கே சுடப்படலாம் என்பதை ஊரின் பொது அடுப்பும் தீர்மானித்து வந்தன.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390ஐ ஒட்டித் தொகுத்த ‘ஃபோர்ம் ஆஃப் கியூரி’ என்னும் ஏட்டில், எம்பர் நாளுக்கு உரியதெனக் குறிக்கப்பட்ட டார்ட் ஒன்று இடம்பெறுகிறது. எம்பர் நாள்கள் என்பவை ஆண்டுக்கு நான்கு முறை, புதன், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாள்களில் இறைச்சியை விலக்கி நோற்கப்பட்ட நோன்பு நாள்கள். வெங்காயத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நீரைப் பிழிந்து, பொடியாக நறுக்கி, முட்டை, வெண்ணெய், குங்குமப்பூ, உலர்திராட்சை, சிறிது சர்க்கரை, நறுமணப் பொடி ஆகியவற்றோடு சேர்த்துச் சுடும்படி அந்த ஏடு கூறுகிறது. உப்பும் சர்க்கரையும் ஒரே தட்டில் கலந்திருப்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். இனிப்புப் பண்டம், இனிப்பற்ற பண்டம் என்ற பிரிவினை அக்காலச் சமையலறையில் இன்னும் கூர்மை பெறவில்லை என்பதே அதற்குக் காரணம். வெங்காயத்தின் நீரைப் பிழிந்துவிடச் சொல்வது அதைவிடக் கவனிக்கத்தக்கது. உள்ளீட்டின் ஈரம் அடிமாவை ஊறவைத்துவிடும் என்பதே டார்ட் செய்வோரின் நீங்காத கவலை. பிற்காலத்து வட்டார வகைகள் பலவும் இந்த ஈரத்துக்குக் கண்ட விடைகளாகவே அமைந்தன.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமோ எம்பர் நாள்களைக் காட்டிலும் கடுமையானது. இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவையும் அக்காலத்தில் விலக்கப்பட்டிருந்தன. வெண்ணெய்க்கு விலக்குப் பெற விரும்பியோர் செலுத்திய காணிக்கையால் எழுந்தது என்று மரபு கூறும் ‘வெண்ணெய்க் கோபுரம்’, பிரான்சின் ரூவான் பேராலயத்தில் இன்றும் நிற்கிறது. கோழிகளுக்கு நோன்பு தெரியாது. பகல் நீளும் இளவேனிலில்தான் அவை மிகுதியாக முட்டையிடும். உண்ணப்படாத முட்டைகள் வாரக்கணக்கில் சேர்ந்து, தவக்காலம் முடிந்த அன்று அடுக்களையில் குவிந்து கிடக்கும். ஈஸ்டர் பண்டங்களில் முட்டை பெற்றிருக்கும் பேரிடத்துக்குச் சமயக் குறியீட்டோடு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

அந்தக் குவியலை அழகிய பண்டமாக ஆக்கியவர்கள் இத்தாலியின் லிகூரியக் கரையோர மக்கள். அவர்களுடைய தலைநகரான ஜெனோவாவின் ‘தோர்த்தா பஸ்குவலீனா’, அதாவது ஈஸ்டர் டார்ட், டார்ட் வகைகள் அனைத்திலும் நுட்பம் மிக்கது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய அந்நிலத்தில் மேய்ச்சல் வெளி குறைவு, ஒலிவ மரங்களோ மிகுதி. ஆதலால் அங்கே மாவு வெண்ணெயால் அன்றி ஒலிவ எண்ணெயால் பிசையப்படுகிறது. ஒளி ஊடுருவும் அளவுக்குக் கையால் இழுத்து மெலிதாக்கிய மாவுத்தாள்கள், ஒவ்வொன்றின்மீதும் எண்ணெய் தடவி அடுக்கப்படுகின்றன. இயேசு மண்ணில் வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டுகளின் கணக்காக 33 தாள்கள் வேண்டும் என்பது மரபு. எல்லா வீடுகளும் அந்த எண்ணைக் காத்தன என்று கொள்ள வேண்டியதில்லை. அடித்தாள்களின்மேல், பீட்ரூட்டுக்கு உறவான ‘பியெத்தோலா’ என்னும் கீரையை வேகவைத்து நன்றாகப் பிழிந்து பரப்புவர். அதன்மேல் ‘பிரெசின்சேவா’ என்னும் புளிப்பேறிய உள்ளூர்த் தயிர்க்கட்டியை மார்ஜோரம் என்னும் மணத்தழையோடு சேர்த்து இடுவர். பிறகு கரண்டியின் பின்புறத்தால் ஆங்காங்கே குழி செய்து, குழிக்கு ஒன்றாக முட்டையை உடைத்து ஊற்றி, மேல்தாள்களால் மூடுவர். மேல்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி இடையே வைக்கோல் குழலால் காற்றை ஊதிவிடுவதும் உண்டு. சுட்டபின் வெட்டினால், பசுங்கீரைக்கு நடுவே முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் முழு வட்டமாகத் தெரியும். கீரைக்கு மாற்றாகக் கூனைப்பூ சேர்ப்பதும் வழக்கில் உண்டு. ஆனால் கீரையே விலை மலிந்தது, எளியோர் வீட்டுக்கும் எட்டியது.

இத்தனை உழைப்புக்குப் பிறகும் அக்காலத்தில் டார்ட் வீட்டிலேயே வெந்துவிடவில்லை. விறகின் விலையும் தீ அச்சமும் ஐரோப்பிய நகரங்களில் பெரும்பாலான இல்லங்களுக்குச் சுடும் அடுப்பை மறுத்திருந்தன. பிசைந்து நிரப்பிய தட்டைத் தெருவிலுள்ள ரொட்டிக்காரரின் அடுப்புக்குச் சுமந்து செல்வதே வழக்கமாக இருந்தது. ஜெனோவாவில் ‘சியமாடா’ எனப்படும் விறகடுப்புக் கடைகள் கொண்டைக்கடலை மாவால் சுட்ட ‘ஃபரினாத்தா’வையும் கீரை டார்ட்டுகளையும் விற்று வந்தன. பிரான்சின் சிற்றூர்களிலோ, நிலக்கிழாருக்கு உரிமையான அடுப்பிலேயே கட்டணம் தந்து ரொட்டி சுட வேண்டும் என்ற கட்டாயம் நிலவியது. அத்தகைய நிலவுடைமை உரிமைகள் புரட்சியின்போது, 1793இல், இழப்பீடின்றி அறவே ஒழிக்கப்பட்டன.

வடகிழக்கு பிரான்சின் லொரேன் நாட்டுக் ‘கிஷ்’ என்னும் டார்ட்டும் ரொட்டி சுடும் நாளின் துணைப்பண்டமாகவே வளர்ந்தது. அதன் பழைய வடிவத்தில் அடிமாவு ரொட்டி மாவே. அதன்மேல் முட்டையும் பாலேடும் கலந்த, அவ்வட்டாரத்தார் ‘மிகேன்’ என்றழைக்கும் கலவையும், பிற்காலத்தில் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகளும் சேர்ந்தன. பாலாடைக்கட்டி அதில் இல்லை. அமெரிக்க வாசகர்களுக்குப் பிரெஞ்சுச் சமையலை விளக்கி 1961இல் வெளிவந்த நூலில் ஜூலியா சைல்டும் துணையாசிரியர்களும் இதைத் தெளிவுபடுத்தினர்.

முட்டையும் பாலேடும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் இறுகும். சூடு மிகுந்தால் திரிந்து நீர் விடும். விறகடுப்பில் இந்த அளவைக் காப்பது கைப்பழக்கம் மிக்கவருக்கே இயலும். ஆகவே பிரிட்டனில் 1923இல் விற்பனைக்கு வந்த, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் ‘ரெகுலோ’ பொருத்திய எரிவாயு அடுப்பைப் போன்ற கருவிகளை, டார்ட்டின் வரலாற்றில் எந்தச் சமையல் நூலுக்கும் குறையாத திருப்பமாகக் கருத வேண்டும். அதற்கு முன்பே, 1895இல், கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் கழித்து எழுந்து ஒரே வேளையாக உண்ணும் ப்ரன்ச் முறைக்கு ஆதரவாகக் கட்டுரை எழுதியிருந்தார். முந்திய நாளே சுட்டு வைக்கவும், ஆறியபின் உண்ணவும், பலருக்குப் பகிரவும் ஏற்ற டார்ட் அந்த வேளைக்கு இயல்பாகப் பொருந்தியது. ஈஸ்டருக்கு மறுநாள் வெளியூர் உலாவுக்குப் பஸ்குவலீனாவைக் கட்டி எடுத்துச் சென்ற லிகூரியர்கள் இதே வசதியை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

19ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவிலிருந்து பெருந்தொகையினர் கப்பலேறிப் புவெனஸ் ஐரெஸின் லா போகா துறைமுகப் பகுதியில் குடியேறியபோது, இந்த டார்ட்டும் உடன் சென்றது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘பஸ்குவாலினா’ எனப்படும் அது ஈஸ்டரோடு நில்லாமல் ஆண்டு முழுவதும் உண்ணும் அன்றாடப் பண்டமாயிற்று. 33 தாள்கள் அங்கே இரண்டாகக் குறைந்தன. அவற்றையும் வீட்டில் தேய்க்க வேண்டியதில்லை, வட்டமாக வெட்டிய மாவுத்தாள்கள் உறையிட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. கீரையின் நீரைப் பிழிந்துவிடுவதையும், உள்ளீட்டில் குழி செய்து முட்டையை முழுதாக இடுவதையும் மட்டும் அங்குள்ளவர்கள் விட்டுவிடவில்லை.